ஆடிப்பட்டத்தில் என்ன காய் விதைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதைக் கேட்டு, ஆடி பிறந்ததும் கையில் கிடைத்த விதையையெல்லாம் ஊன்றிவிட்டு, ஐப்பசி மழையில் பாதியைப் பறிகொடுப்பவர்கள் நிறைய. பழமொழியில் தவறில்லை. எந்த விதை, எந்த ஊரில் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. இங்கே உள்ள பதில்கள் தமிழ்நாட்டின் சமவெளிக்கு, வீட்டுத்தோட்டமோ சில சென்ட் நிலமோ மாடியோ வைத்திருப்பவர்களுக்கு. நீலகிரி, கொடைக்கானல் கணக்கு வேறு.

ஆடிப்பட்டம் சரியாக எப்போது?

ஆடி முதல் தேதி ஜூலை 17 வாக்கில் வரும். ஆகஸ்ட் 16 வரை மாதம். விதைப்புக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் போகலாம்: ஆனிக் கடைசி வாரம் முதல் ஆவணி முதல் வாரம் வரை. ஆடி 18-க்குள் விதை மண்ணில் விழுந்துவிட வேண்டும் என்பது பழைய கணக்கு. காவிரியில் தண்ணீர் வரும் நாளை வைத்துப் போட்ட கணக்கு அது. கிணறோ, போர் தண்ணீரோ, மாடிக்குழாயோ இருப்பவர்கள் பத்து நாள் தள்ளி விதைத்தாலும் குடி முழுகாது, ஓரிரண்டு காய்களைத் தவிர.

எதை விதைப்பது என்று எப்படி முடிவு செய்வது?

விதைக்கும் நாளைப் பார்க்காமல், அந்தச் செடி எந்த வாரத்தில் பூக்கும், எந்த வாரத்தில் காய்க்கும் என்று எண்ணிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அந்தத் தேதியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, விதைத்த நாளிலிருந்து எண்ணினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஜூலை 17-ல் வெண்டை ஊன்றினால் 45-ஆம் நாள், அதாவது ஆகஸ்ட் கடைசியில், முதல் பறிப்பு. 95-100 நாளில் செடி ஓய்ந்துவிடும். மழை இறங்கும்போது உங்கள் வெண்டை வேலையை முடித்திருக்கும். அதே நாளில் மிளகாய் விதையைத் தூவினால் நாற்றங்காலில் 35-40 நாள், பிடுங்கி நட்டபின் பச்சைமிளகாய் பறிக்க இன்னும் 75 நாள். முதல் பறிப்பே நவம்பரில்தான். பூவும் பிஞ்சுமாக இருக்கும்போது மழையில் மாட்டும். அதற்காக மிளகாய் வேண்டாம் என்றில்லை. அது மழையைத் தாண்டித் தையிலும் மாசியிலும் காய்க்கும் செடி, அதற்கேற்ற மேட்டில் நட வேண்டும்.

ஆக இரண்டே வகை: மழைக்கு முன் முடிந்துவிடுபவை, மழையைக் கடந்து நிற்பவை. நடுவில் மாட்டிக்கொள்வதுதான் தொல்லை. தக்காளி அப்படி மாட்டும் காய்; அதற்குத் தனியாக வருவோம்.

எல்லா மாவட்டத்துக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. பொள்ளாச்சி, கம்பம் பள்ளத்தாக்கு, தென்காசி, கன்னியாகுமரி ஆகிய பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் கிடைக்கும், ஆனியிலேயே தொடங்கிவிடலாம். சென்னை, கடலூர், நாகை பக்கம் ஜூலையிலும் வெயில் 35 டிகிரியைத் தொடும், சாயங்காலம் இடியோடு ஒரு மழை வந்தால் உண்டு. அங்கே நாற்றுகளுக்கு நிழல் வேண்டும். மழையின் பெரும்பங்கு கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுவதால் வடிகாலையும் முதலிலேயே யோசிக்க வேண்டும். ராமநாதபுரம், தூத்துக்குடி மானாவாரி நிலங்களில் ஆடியைவிடப் புரட்டாசிதான் பட்டம்.

சொதப்பாத காய்கள் எவை?

முதல் முறை விதைப்பவருக்கு வெண்டை, கொத்தவரை, காராமணி, கீரை. மூன்று காய்களுமே 45-50 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். கொத்தவரைக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது, மற்றபடி வெயிலோ சவலை மண்ணோ அதற்குப் பொருட்டே இல்லை.

கொஞ்சம் இடமும் பந்தலும் இருந்தால் பீர்க்கு, புடலை, பாகல், சுரை. இவை 55-65 நாளில் காய்க்கத் தொடங்கி இரண்டு மாதம் ஓடும். கத்தரி ஆடிப்பட்டத்தின் ராஜா. ஜூலை நடுவில் நாற்றுவிட்டு, 30-35 நாள் நாற்றை ஆவணியில் நட்டால் அக்டோபர் நடுவில் முதல் காய்; பிறகு தை வரை நிற்கும். அடைமழை நாட்களில் காய்ப்பு மந்தமாகும், வெயில் திரும்பியதும் மீண்டும் தளிர்க்கும்.

முள்ளங்கி வைக்கலாம், ரகம் பார்த்து. வெயில் தாங்கும் பூசா சேட்கி மாதிரி ரகமென்றால் 40-45 நாளில் பிடுங்கலாம். குளிர்கால ரகத்தை ஆடியில் போட்டால் கிழங்கு திரளாமல் உள்ளே சக்கையாகிக் காரம் ஏறும்.

போன தையில் போட்ட அவரை பந்தல் முழுக்கப் படர்ந்தும் பூக்கவே இல்லை. விதை கோளாறா?

விதை மேல் குற்றமில்லை. பந்தல் அவரையின் நாட்டு ரகங்களும் மொச்சையும் பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் பூக்கும். தையில் போட்டால் பகல் நீண்டுகொண்டே போகும். கொடிக்குப் பூக்கும் அறிகுறி கிடைக்காது, இலையும் தண்டுமாகப் பந்தலை மூடும். யூரியாவோ பஞ்சகவ்யமோ இதை மாற்றாது.

ஆடியில் ஊன்றினால் புரட்டாசிக்குள் கொடி பந்தலேறும், ஐப்பசி, கார்த்திகையில் கொத்துக் கொத்தாகப் பூவெடுக்கும், மார்கழி, தையில் காய். பொங்கல் குழம்புக்கு அவரையும் மொச்சையும் வந்து சேர்வது இந்தக் கணக்கில்தான். பிந்தி ஊன்றினாலும் அதே காலத்தில்தான் பூக்கும், ஆனால் கொடி சிறியதாக இருக்கும், காயும் அவ்வளவுதான் வரும். நாள் தள்ளாமல் ஊன்ற வேண்டிய காய் என்று ஒன்றைச் சொல்வதானால் அது பந்தல் அவரை.

எந்த மாதமும் அவரை வேண்டுமென்றால் குத்து அவரை இருக்கிறது. கோ 14 போன்ற ரகங்கள் பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை, பந்தலும் வேண்டாம்.

தக்காளியை ஏன் பின்னுக்குத் தள்ளுகிறீர்கள்?

ஜூலை நடுவில் விதைத்தால் 25 நாளில் நாற்று, நட்டு ஒரு மாதத்தில் பூ, அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை பழம். கடலோர மாவட்டங்களில் இது அப்படியே அடைமழைக் காலம். காய்ந்த மண்ணில் வளர்ந்த பழம் திடீரென்று தண்ணீரை உறிஞ்சினால் தோல் வெடிக்கும். ஈர இலையில் கருகல் நோய் மூன்று நாளில் கீழிருந்து மேலே ஏறும். செப்டம்பரில் ராத்திரியும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் கெட்டுப் பூ காம்போடு உதிரும். வெள்ளை ஈ இருந்தால் இலைச்சுருள் நச்சுயிரி வேறு.

கோவை, திண்டுக்கல், தர்மபுரி பக்கம் மழை அளவாக இருக்கும் இடங்களில் ஆடித் தக்காளி எடுக்கிறார்கள், ஆனால் கொம்பு நட்டுக் கட்டிவிட்டு. சென்னை, கடலூர்க்காரர்களுக்கு எங்கள் யோசனை: ஆடியில் வீட்டுக்குத் தொட்டுக்கொள்ள இரண்டு மூன்று செடி போதும். அக்டோபர் நடுவில் கூரைக்கு அடியில் குழித்தட்டில் விதைத்து, நவம்பர் இரண்டாம் பாதியில் மழை விட்ட இடைவெளியில் நடுங்கள். ஜனவரி, பிப்ரவரிப் பழம் அருமையாக இருக்கும்.

பொங்கலுக்கு எந்தெந்தக் காய்க்கு எப்போது விதைக்க வேண்டும்?

ஜனவரி 14-லிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பரங்கி முற்றி எடுக்க 125-135 நாள். ஆடிப்பெருக்கன்று ஊன்றினால் டிசம்பர் நடுவில் கைக்கு வரும். காம்போடு அறுத்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் பொங்கலைத் தாண்டியும் கெடாது. சர்க்கரைவள்ளிக்கு 110-120 நாள் என்பதால் ஆவணி முடிவதற்குள் கொடித்துண்டு நட வேண்டும். நான்கைந்து கணு உள்ள நுனிக்கொடியில் நடுக் கணுக்கள் மண்ணுக்குள் போக வேண்டும். நெல்லை, தென்காசி, குமரிப் பக்கத்துச் சிறுகிழங்குக்கு ஐந்து ஆறு மாதம் ஆகும், ஆடியைத் தாண்டக் கூடாது. சேனைக்கு எட்டு மாதம். சித்திரையிலேயே நட்டிருக்க வேண்டும், இந்த வருஷம் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆயுதபூஜைக்குத் திருஷ்டிப் பூசணி?

பிந்திவிட்டீர்கள். சாம்பல் பூசணி முற்ற 140 நாள். அக்டோபரில் வரும் பூஜைக்கு மே மாதக் கடைசியில் விதை ஊன்றியிருக்க வேண்டும். ஆடியில் ஊன்றியது மார்கழியில் கூட்டுக்கு உதவும்.

கேரட், கோஸ், காலிஃபிளவர், பட்டாணி?

வேண்டாம். முளைக்கும், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கேரட் நிறமும் பருமனும் எடுப்பது 15-20 டிகிரியில். நம் ஆடி வெயிலில் நூல் மாதிரி வெளிறிய வேர்தான் கிடைக்கும். கோஸுக்கும் காலிஃபிளவருக்கும் புரட்டாசியில் நாற்று விட்டு ஐப்பசியில் நட்டால் மார்கழிக் குளிர் கைகொடுக்கும்.

கொத்தமல்லி இரண்டும் கெட்டான். 50 சதவீத நிழல்வலையின் கீழ் போட்டு 35-40 நாளில் அறுத்துவிடுவதானால் சரி. வெயிலில் விட்டால் தழைக்குமுன் பூத்துவிடும். தனியாவைப் பூரிக்கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்துப் போடுங்கள், ஒவ்வொரு பாதியிலும் ஒரு விதை இருக்கிறது.

பாக்கெட்டில் கோ, பி.கே.எம், அர்க்கா என்றெல்லாம் இருக்கிறதே, என்ன அர்த்தம்?

ரகம் பிறந்த ஊர். கோ என்றால் கோயம்புத்தூர், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். பி.கே.எம் பெரியகுளம், பி.எல்.ஆர் கடலூர் மாவட்டத்துப் பாலூர், எம்.டி.யூ மதுரை, கே.கே.எம் கிள்ளிகுளம், வி.ஆர்.எம் வேலூர் பக்கத்து விரிஞ்சிபுரம். அர்க்கா என்று தொடங்குபவை பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகங்கள், பூசா என்பவை டெல்லியுடையவை.

இது வெறும் பெயர் விவரமல்ல. உங்கள் மண்ணுக்கும் மழைக்கும் பக்கத்தில் உருவான ரகத்துக்கு முதலிடம் கொடுக்கலாம். கடலூர், விழுப்புரம் பக்கம் பி.எல்.ஆர் கத்தரி, வறட்சியான தெற்குப் பகுதியில் பி.கே.எம் 1 கத்தரி என்று தேடுங்கள். வேலூர்க்காரர்கள் முள்ளுக் கத்தரியை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. எந்தக் கத்தரி என்பதில் கடைசிச் சொல் அடுப்படியில் இருப்பவருடையது. வரிக்கத்தரி சாப்பிடும் வீட்டில் ஊதாக் குண்டு விலைபோகாது.

நாட்டு விதையா, ஹைப்ரிட்டா?

விதை எடுத்து அடுத்த வருஷமும் போடப் போகிறீர்களா என்பதைப் பொறுத்தது. ஹைப்ரிட்டில் எடுத்த விதை தாய்ச்செடி போல வராது. சந்தைக்கு ஒரே அளவில் காய் வேண்டுமென்றால் ஹைப்ரிட். நாலு பேர் வீட்டுக்கு நாட்டு ரகமோ பல்கலைக்கழக ரகமோ தாராளம். பக்கத்து வீட்டுப் பரங்கிப்பூவின் மகரந்தம் உங்கள் கொடிக்கு வந்தால் நாட்டு விதையும் கலந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் ஏறிய விதை மருந்து பூசியது. அதை ஊறவைக்காதீர்கள், வெறுங்கையால் அளையாதீர்கள், மிஞ்சியதைக் கோழிக்குப் போடாதீர்கள்.

பழைய விதை முளைக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இருபது விதையை ஈரத்துணியில் சுருட்டி டப்பாவில் போட்டு நிழலில் வையுங்கள். வெண்டை, கீரை 4-5 நாள், தக்காளி, கத்தரி ஒரு வாரம், மிளகாய் 8-12 நாள். பதினான்குக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. பத்து முளைத்தால் இரட்டிப்பாகப் போடுங்கள். ஐந்தாறுதான் என்றால் புதிது வாங்குவது லாபம். முளைத்த அந்த ஐந்தும் சோகையாகத்தான் வளரும். மிளகாய் விதையை நாலாம் நாளே பார்த்துவிட்டுக் குப்பையில் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள், பொறுங்கள்.

எந்த விதையை ஊறவைக்க வேண்டும்?

வெண்டையை 8-12 மணி நேரம், அதாவது ராத்திரி போட்டுக் காலையில் ஊன்றும் அளவுக்கு. பாகல் ஓடு கெட்டி: ஒரு நாள் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து முளைவிட்டதும் ஊன்றினால் ஒன்றும் வீணாகாது. பீர்க்கு, சுரை, புடலைக்கு ஒரு ராத்திரி. தக்காளி, கத்தரி, மிளகாய், கீரைக்கு ஊறல் தேவையில்லை. 3 சதவீதப் பஞ்சகவ்யத்தில் (லிட்டருக்கு 30 மில்லி) 20-30 நிமிடம் முக்கி நிழலில் உலர்த்தலாம். அல்லது கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சைத் தூள்) என்ற கணக்கில், உங்கள் சின்னப் பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை, புரட்டி எடுக்கலாம்.

ஆழம்: விதையின் பருமனைப்போல இரண்டு மூன்று மடங்கு. மிளகாய்க்கு அரை சென்டிமீட்டர், கொடிக்காய்க்கு இரண்டு. கீரை விதையை மணலோடு கலந்து தூவிக் கையால் மேலாகக் கிளறிவிட்டால் போதும். எறும்பு இழுத்துப் போவது பெருந்தொல்லை. பாத்தி ஓரத்தில் ஒரு பிடி நொய்யைத் தூவினால் அதை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும்.

நாற்று முளைத்துப் பத்து நாளில் தரையோடு சாய்ந்து மடிகிறது. ஏன்?

நாற்றழுகல். தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள்: வெந்நீர் ஊற்றியது போலக் குழைந்து நூலாக இளைத்திருக்கும், மேலே இலை பச்சையாகவே இருக்கும். நெருக்கமாகத் தூவியதும், சாயங்காலம் சொதசொதவென ஊற்றியதும், பழைய மண்ணையே திரும்பப் போட்டதும் காரணம். வரிசைக்கு வரிசை 5 சென்டிமீட்டராவது விட்டு விதையுங்கள், காலையில் பூவாளியால் தெளியுங்கள். சாய்ந்ததைச் சுற்றுமண்ணோடு எடுத்து வெளியே போட்டு இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தினால் மிச்சம் தப்பும்.

வசதி இருந்தால் 98 குழித் தட்டும் கழுவிய கோகோபீட்டும் (தென்னை நார்க்கழிவு) நல்லது. முளைக்கும்வரை மூடாக்கு, முளைத்த அன்றே எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நெடுநெடுவென்று ஓடும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பு தண்ணீரைக் குறைத்து வெயில் காட்டிப் பழக்குங்கள்.

மாடியில் எந்தப் பைக்கு எந்தச் செடி?

கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டைக்கு ஓரடி விட்டம், ஓரடி உயரம், சுமார் 20 லிட்டர் பிடிக்கும் பை. கத்தரி ஒன்று, வெண்டை இரண்டு. கொடிக்காய்க்கு இதைப்போல இரு மடங்கு மண்ணாவது வேண்டும். 20 லிட்டர் பையில் சுரையை வைத்துவிட்டுக் காய்க்கவில்லை என்று வருந்திப் பயனில்லை. கீரைக்கு ஆழம் அரை அடி போதும், அகலம்தான் வேண்டும்.

கலவை: செம்மண் 2 பங்கு, மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் 1, கோகோபீட் 1, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. 5 கிலோ கோகோபீட் கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் வரும். ஊறிய நீரை வடித்து இரண்டு முறை அலசாவிட்டால் அதிலுள்ள உப்பு இலை ஓரத்தைக் கருக்கும். ஈரச் சாணத்தைப் போடாதீர்கள். சூடு வேரைக் கருக்கும், கூடவே வண்டுப்புழு வந்து வேரைத் தின்னும். திடீரென வாடிய செடியைப் பிடுங்கினால் வேரே இல்லாமல் கையோடு வரும், கீழே வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் அந்தப் புழு. பைகளைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், தளத்தின் சூடும் தாக்காது, மழைநீரும் வடியும்.

நிலத்தில் எப்படித் தயார் செய்வது?

கொடிக்காய்க்கு ஓரடிக்கு ஓரடி குழி, ஓரடி ஆழம். குழிக்கு 10 கிலோ மட்கிய தொழுவுரம் மேல்மண்ணோடு கலந்து நிரப்பி, ஒரு வாரம் ஆறவிட்டு, 4-5 விதை ஊன்றுங்கள். பதினைந்தாம் நாள் நல்ல இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். இந்தக் கிள்ளலில்தான் பலருக்கு மனசு வராது. ஐந்தையும் விட்டால் ஐந்தும் சண்டை போட்டு ஒன்றும் காய்க்காது.

வெண்டைக்கு 45 × 30 சென்டிமீட்டர் இடைவெளி. ஒரு சென்ட்டில் 300 செடி வரும், 30-35 கிராம் விதை. கத்தரிக்கு 60 × 60. சென்ட்டுக்கு 110 நாற்று, அதற்கு 2 கிராம் விதையே அதிகம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு இவ்வளவு வேண்டியதில்லை: வெண்டை 20-25, கத்தரி 6-8, மிளகாய் 5, பாகல், பீர்க்கு, புடலை தலா இரண்டு குழி, சுரை ஒன்று, அவரை இரண்டு. சுரை இரண்டு வைத்தால் தெரு முழுக்கத் தானம் செய்ய வேண்டியிருக்கும்.

பீர்க்கும் சுரையும் பிஞ்சிலேயே மஞ்சளாகி விழுகின்றன. என்ன மருந்து?

முதலில் பிஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கி, மேலே துளையே இல்லையென்றால் மகரந்தம் சேரவில்லை. ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, அதில் பிசின் கசிந்து காய் கோணியிருந்தால் பழ ஈ. பிளந்தால் உள்ளே புழு நெளியும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மகரந்தம் சேராததற்கு மாடியில் முக்கியக் காரணம் பூச்சி வராதது. நீங்களே சேர்க்கலாம், நேரம்தான் முக்கியம். பீர்க்கு, சுரை, புடலை மூன்றும் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் மலரும். பரங்கி, பாகல், நுரைப்பீர்க்கு விடிகாலையில். காலை காபிக்குப் பின் மாடிக்கு வந்து பீர்க்கம்பூவைத் தேடுபவருக்கு வாடிய பூதான் கிடைக்கும். பூவுக்குக் கீழே குட்டிக் காய் இருந்தால் பெண் பூ, வெறும் காம்பு என்றால் ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழைக் களைந்து, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுமுடியில் மெதுவாகத் தடவுங்கள். மூன்று நான்கு நாளில் பிஞ்சு தடித்துத் தலை கவிழ்ந்தால் பிடித்துவிட்டது என்று பொருள்.

முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண் பூவாகவே வருவது இயல்பு. அதற்கு வைத்தியம் தேடி அலைய வேண்டாம்.

பழ ஈக்குக் கொடிக்காய்க்கான க்யூ லூர் பொறி (ஆண் ஈயை வாசனையால் இழுத்துப் பிடிப்பது) வாங்குங்கள். மாமரத்துக்கான மெத்தில் யூஜினால் பொறியில் இந்த ஈ விழாது. ஈரக் கருவாட்டுத்தூள் 5 கிராம் போட்டு, ஓட்டையிட்ட பாட்டிலில் தொங்கவிட்டாலும் வரும். வீட்டார் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். விழுந்த காயை அங்கேயே விடாதீர்கள். அதிலிருக்கும் புழு மண்ணில் இறங்கிக் கூடாகி அடுத்த தலைமுறை ஈயாக எழும்.

வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சள், காயும் வெளிறிப்போகிறது?

மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி, வந்த செடிக்கு மருந்து கிடையாது. முதல் மாதத்தில் தென்பட்டால் அந்தச் செடியைப் பிடுங்கி விடுவதுதான் மற்றதைக் காக்கும். அர்க்கா அனாமிகா எதிர்ப்புச் சக்தியுள்ள ரகமாக வந்தது. இப்போது அந்தச் சக்தி பல இடங்களில் தளர்ந்துவிட்டது. சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளமும், செடி உயரத்துக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியும் ஈயின் வரத்தைக் குறைக்கும்.

நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி வெளிறினால் அது சத்துக் குறை, தேமல் அல்ல. அவசரத்தில் பிடுங்கிவிடாதீர்கள்.

ஆடிக்காற்றுக்கு என்ன செய்வது?

அம்மியும் பறக்கும் காற்றில் நாற்றை நட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. நடும் அன்றே ஓரடிக் குச்சி ஊன்றி எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். பந்தல் 6 அடி உயரம், விதைக்கும் முன்பே போட்டுவிட வேண்டும். கொடி ஏறிய பின் கால் நட்டால் வேர் அறுபடும். காற்று மண்ணின் ஈரத்தை வெயிலைவிட வேகமாக இழுக்கும். இரண்டு அங்குலம் சருகு பரப்புங்கள், தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம். காய்ந்த காற்றில் வெண்டை, கத்தரி இலையின் அடியில் மெல்லிய நூலாம்படையும் தூசி போன்ற சிவப்புப் புள்ளிகளும் கண்டால் சிலந்திப்பேன். இலையடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும்.

பூச்சிக்கு இப்போதே ஏதாவது தயார் செய்யலாமா?

செய்யலாம், அதுவும் இலவசமாக. வேப்பம்பழம் உதிரும் காலம் இதுதான். பொறுக்கிச் சதை கழுவி நிழலில் காயவைத்துச் சணல் சாக்கில் வையுங்கள். மூன்று மாதம் ஆன கொட்டைதான் நல்ல வீரியம், ஐப்பசிக்குச் சரியாக இருக்கும். பத்து மாதம் தாண்டியது வேண்டாம். 500 கிராம் கொட்டையை இடித்து ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துச் சேர்த்து, வெயில் தணிந்தபின் இலையின் அடியிலும் படும்படி தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் மருந்தின் வேகம் போய்விடும்.

கத்தரியில் நுனித்தளிர் வாடித் தொங்கினால் தண்டுத்துளைப்பான் உள்ளே இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஓரங்குலம் கீழே கிள்ளி எரித்துவிடுங்கள். வாரம் இருமுறை இதைச் செய்தாலே காய்க்குள் புழு பாதியாகும்.

பருவமழைக்கு முன் செய்ய வேண்டியவை?

புரட்டாசி இரண்டாம் வாரத்துக்குள் கத்தரி, மிளகாய்க்கு மண் அணைத்து முக்கால் அடி மேடாக்குங்கள், இடையில் வாய்க்கால் வெட்டி ஒரு பக்கமாக நீரை வெளியேற்றுங்கள். மிளகாய் வேர் இரண்டு நாள் நீரில் நின்றால் மூன்றாம் நாள் வெயிலில் பச்சையாகவே தலைசாயும். பைகளின் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். ஓய்ந்த வெண்டை, கொத்தவரைச் செடிகளை மழைக்கு முன் பிடுங்கி மட்கப் போடுங்கள். கீழ் இலைகளைக் கழித்தால் மண் தெறித்து நோய் ஏறுவது குறையும்.

பறிப்பதில் ஏதாவது நுணுக்கம் உண்டா?

வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள். நுனியை ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் நாராகிவிட்டது. முற்றிய ஒரு காயைச் செடியில் விட்டாலும் புதுப் பூ குறையும். பீர்க்கின் வரம்புகள் கூர்மையாகவும் நகம் பதியும்படியும் இருக்கும்போதே பறியுங்கள். கத்தரித் தோலின் மினுமினுப்பு மங்கினால் விதை முற்றிவிட்டது.

ஆடி தவறிவிட்டது. ஆவணியில் எதை விதைக்கலாம்?

ஆவணி முதல் பாதியில் வெண்டை, காராமணி, கொத்தவரை போட்டால் ஒரு மாதமாவது பறிக்கலாம். கத்தரி, மிளகாய்க்கு விதையாகத் தொடங்காமல் நாற்றுப்பண்ணையில் 30 நாள் நாற்றாக வாங்குங்கள். இழந்த மாதம் திரும்பிவிடும். வாங்கும்போது பூத்த நாற்றைத் தள்ளிவிட்டு, குட்டையாகத் தண்டு தடித்ததைப் பாருங்கள். பந்தல் அவரையை ஆவணி முதல் வாரத்துக்குள்ளாவது ஊன்றுங்கள். கொடிக்காய்களில் பாகலும் பீர்க்கும் புரட்டாசிக்குத் தள்ளினால் பூக்கும்போது மழை பிடித்துக்கொள்ளும். அவற்றைத் தைப்பட்டத்துக்கு வைத்துக்கொண்டு விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் அடுப்பு ஆறிய சாம்பலோடு போட்டு மூடிவையுங்கள். முளைக்கீரை மட்டும் எந்த வாரம் தூவினாலும் 25-ஆம் நாள் சட்டிக்கு வந்துவிடும்.